உயிரணுவின் வாயில்



பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியனாய்ப் பணியாற்றிய பள்ளியொன்றில், தந்தையை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன் ஐந்தாம் வகுப்பிற் படித்தான். அவனுடன் தம் பிள்ளைகள் ஒரே பலகையில் அமரலாகாது என்று பெற்றோர் சிலர் வந்து நின்றனர். அவர்களுக்கு விடை கூற அறியாத நான், அவனைத் தனியே அமர்த்தினேன். ஒரு வாரத்தில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையை இன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து உங்கள்முன் வைக்கிறேன்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டவர்கள் சென்னை மருத்துவர்களே. 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது, 6 மாதிரிகளில் தொற்றின் அடையாளம் தென்பட்டது.

இக்கிருமி உடலில் எவ்வாறு குடிபுகுகிறது? குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகை, நோயெதிர்ப்புப் படைக்குத் தளபதி போன்றது. அதன் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பகையை அறிந்துகொள்வதில் அணுவுக்குத் துணைநிற்கும் இத்தகைய புரதத்தை ஏற்பி என்பர். கிருமியோ, தன் மேலுறையிலுள்ள ஜி.பி.120 என்னும் புரதத்தால் இவ்வேற்பியையே பற்றி உள்ளே நுழைகிறது. காவலன் கையைப் பிடித்தே கள்வன் கோட்டைக்குள் புகுவதை ஒக்கும் இது. 1984ஆம் ஆண்டில் இவ்வுண்மை வெளியாயிற்று.

இப்பிடியை ஆராயக் கொடிய கிருமியையே கையாள வேண்டுவதில்லை. சி.டி.4 புரதத்துக்குரிய மனித மரபணுவை, ஆய்வகத்தில் வளரும் அணுக்களுக்குள் புகுத்துகின்றனர். அவை ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் ஆக்கி, தாம் வளரும் நீர்மத்தில் விடுகின்றன. அதனைத் தூய்மை செய்து எடுக்கின்றனர். இதுவே மறுசேர்க்கைப் புரதம் எனப்படுவது.

இனி அதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். மாசிமகத்துக்கு எங்கள் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். அப்பெருங்கூட்டத்தில் குழந்தை தவறிவிடாதபடி, தாய் அதன் கையைத் தன் முந்தானையோடு முடிந்துகொள்வதுண்டு. அத்தகைய முடிச்சே பயோட்டின். அது பி வகை வைட்டமின்களுள் ஒன்று. முட்டை வெண்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் அதனை விடாப்பிடியாகப் பற்றும். அதே குணமுடைய ஸ்ட்ரெப்டாவிடின் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து கிடைக்கிறது. அதனைத் தட்டிற் பூசி, பயோட்டின் இணைத்த ஏற்பியை ஊற்றினால், ஏற்பி அங்கே நிலைத்து நிற்கும். கழுவினாலும் எளிதில் அகலாது. பின்னர் ஜி.பி.120ஐ விட்டு, அது எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது, எப்பொருள் அப்பிடியைத் தடுக்கிறது என்று அளந்தறியலாம். பயோட்டின் மிகச் சிறியதாதலின், உரிய ஓரத்தில் இணைத்தால் ஏற்பியின் பற்றும் முகம் கெடுவதில்லை.

இந்நுண்ணாய்வு நமக்குக் கற்பிப்பது யாது? கிருமி உட்புக ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் சிலவகை அணுக்களிலேயே உண்டு. புண்ணற்ற தோல் கிருமியை அவ்வணுக்களிடம் நெருங்கவிடாது. தொற்றுள்ள குருதியாலும், ஊசியைப் பகிர்ந்துகொள்வதாலும், பாதுகாப்பற்ற உடலுறவாலும், தாயிடமிருந்து சேய்க்கும் அது பரவும். ஒரே பலகையில் அமர்வதாலோ, ஒரே குடத்து நீரைப் பருகுவதாலோ பரவாது.

இன்று அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாய்க் கிடைக்கிறது. தொற்றுள்ளவர்க்குக் கல்வியை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் சட்டம் வகுப்பறை வாயில் வரையே வரும். பலகையில் இடம் கொடுப்பவர் ஆசிரியரே அன்றோ?

அச்சிறுவனுக்குத் தொற்று இருந்ததா என்றுகூட நான் கேட்டறியவில்லை. இருந்திருந்தாலும் விடை இதுவே. அவன் எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவன் ஆசிரியன் பிழை செய்தான் என்பதை அறிந்துகொள்வானாக.