உஷார்! தழும்பை வெட்டத் தேதி வாங்கிவிட்டீர்களா?

"சின்னக் கட்டிதாம்மா, அரை மணி நேர வேலை. வெட்டி எடுத்துட்டா போச்சு!" யாராவது இப்படிச் சொன்னால் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். அது கட்டியாக இல்லாமல் கீலாய்டு தழும்பாக இருந்தால், வெட்டிய இடத்திலேயே முன்பைவிடப் பெரிதாக முளைத்து நிற்கக்கூடும்.

என் அக்கா மகளுக்கு இதுதான் நடந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் காதின் மேல்பகுதியில் இன்னொரு துளை போட்டுக்கொண்டாள். ஆறே மாதத்தில் துளைக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவு முண்டு. பளபளவென்று, தொட்டால் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. ராத்திரியானால் அரிப்பு, அந்தப் பக்கம் தலை சாய்க்க முடியாது. பக்கத்தில் ஓர் இடத்தில் வெட்டித் தையல் போட்டு அனுப்பினார்கள். அடுத்து என்ன என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் சுண்டைக்காய் நெல்லிக்காயாகிவிட்டது. "சித்தி, மறுபடி வெட்டினா இன்னும் பெருசாகுமா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

சாதாரணமாகக் காயம் ஆறியதும் தோலுக்குள் கொலாஜன் என்ற நார்ப்பொருள் உற்பத்தி அடங்கிவிடும். கீலாய்டு வாகு உள்ள உடம்பில் அது அடங்காது. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும். அந்த உடம்புக்குக் கத்தி என்பது இன்னொரு காயம், அதுவும் பெரிய காயம். அறுவை சிகிச்சையோடு மட்டும் விட்டுவிட்டால் நூற்றுக்கு 45 பேர் முதல் ஏறக்குறைய எல்லோருக்குமே திரும்ப வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோல்காரர்களுக்கு, அதிலும் 10 முதல் 30 வயதுக்குள், இந்தத் தொல்லை அதிகம். காது, நடு நெஞ்சு, தோள்பட்டை, தாடை ஓரம் எல்லாம் அது விரும்பி வரும் இடங்கள். சுண்ணாம்பு தடவுவது, நூல் கட்டி இறுக்குவது, ஆசிட் வைப்பது எதுவும் வேண்டாம். எல்லாமே புதுக் காயங்கள்தான்.

முதலில் தோல் டாக்டரிடம் போங்கள். தழும்புக்குள்ளேயே மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சிலிகான் பட்டை, காதை அழுத்திப் பிடிக்கும் கம்மல் என்று வேறு வழிகளும் உண்டு. இதற்கெல்லாம் மசியாத தழும்புக்குத்தான் வெட்டும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை. அதில் நேரம்தான் முக்கியம். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் முதல் கதிர்வீச்சைக் கொடுக்கப் பார்ப்பார்கள். மிஞ்சிப்போனால் 72 மணி நேரம். புதுக் காயத்தில் நார் செல்கள் பெருகத் தொடங்கும்போதே அடக்குவதற்காகத்தான் இந்த அவசரம். பெரும்பாலும் மூன்று நான்கு தவணை, மொத்தம் 12 முதல் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). தையல் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காரியம் கெட்டுவிடும்.

இந்தக் கதிர்வீச்சு புற்றுநோய்ப் பிரிவில்தான் நடக்கும். மகளோடு போனபோது அந்தப் பிரிவின் போர்டைப் பார்த்ததும் அக்கா வாசலிலேயே அழுதுவிட்டாள். கீலாய்டு புற்றுநோய் அல்ல; மெஷின் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கதிர்வீச்சும் விளையாட்டுக் காரியமல்ல. தோல் கறுக்கலாம். அபூர்வமாகப் பல வருடம் கழித்து அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கூடாது, குழந்தைகளுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள், தைராய்டு, மார்பகம் பக்கமென்றால் கூடுதல் கவனம் தேவை. வெட்டி எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கீலாய்டு மாதிரியே தோற்றம் காட்டும் அரிய புற்றுக்கட்டியும் இருக்கிறது.

இரண்டாவது முறை அக்கா மகளுக்குக் காலையில் வெட்டினார்கள். மறுநாள் காலையில் கதிர்வீச்சு. காது இப்போது தட்டையாக, லேசான கறுப்போடு இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடமாவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், வெட்டின மறுநாள் என்ன செய்யப் போறீங்க? கதிர்வீச்சோ ஊசியோ, அதுக்குத் தேதி வாங்கியாச்சா?" தெளிவான பதில் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.