பழரசம் கொழுப்பை எரிக்குமா?

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் நோக்கிச் செல்லும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரை வளைந்து வளைந்து ஏறுகின்றது. ஒரு ஞாயிறு காலை நாம் அப்பாதையில் நடந்தபோது மாணவர் இருவர் உடன்வந்தனர். உடற்கொழுப்பைக் குறைப்பதே இருவரதும் நோக்கம், வழிகளோ நேர்மாறானவை. பழரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ கூறக்கேட்ட ஒருவர், இரண்டு போத்தல் தோடம்பழ ரசத்தை வாங்கி வழிநெடுகப் பருகி வந்தார். மற்றவரோ, வெறும் வயிற்றுடன் ஏறினால்தான் கொழுப்பு எரியும் என எண்ணி, முதல்நாள் நண்பகல் முதல் உண்ணாதிருந்தார்.

பாதி வழியில், செங்குத்தான ஒரு வளைவில், உண்ணாதவருக்குக் கண் இருண்டது, கை நடுங்கியது, வியர்வை பெருகியது. அவரைப் பாதையோரக் கல்லொன்றில் இருத்தி, நண்பரின் போத்தலில் எஞ்சியிருந்த ரசத்தைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தோம். கால்மணி நேரத்தில் தெளிவுற்ற அவர், "அப்படியானால் பழரசம் நல்லதா, கெட்டதா?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நமது உடலில் முக்கியமான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று கொழுப்பு, மற்றது தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேர்ந்துள்ள மாச்சத்து. கொழுப்பின் களஞ்சியம் பெரிது. மெலிந்தவரிடத்தும் பல கிலோ உண்டு. கிளைக்கோசனோ ஏறத்தாழ அரைக் கிலோ மட்டுமே. ஆயினும் கொழுப்பு மெல்ல எரியும் கட்டை; மாச்சத்து சட்டெனப் பற்றும் சுள்ளி. நிதானமாக நடக்கையில் கொழுப்பு பெரும்பங்கு தருகின்றது. மூச்சிரைக்க ஏறுகையில் உடல் மாச்சத்தையே மிகுதியும் நாடுகின்றது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 செக்கனில் முடித்து வெள்ளிப் பதக்கம் வென்ற நம் நாட்டு வீரர் டங்கன் வைற்றை நினைத்துப் பாருங்கள். அக்குறுகிய நேரத்தில் அவரது கால்களை ஓட்டியது பெரும்பாலும் கிளைக்கோசனே.

இனிப் பழரசத்துக்கு வருவோம். ஒரு குவளை, அதாவது 250 மில்லிலீற்றர், தோடம்பழ ரசத்தில் ஏறக்குறைய 20 கிராம் சீனி உண்டு. அது குருதியிற் சேர்ந்ததும் இன்சுலின் சுரக்கின்றது. இன்சுலின் கொழுப்புக் களஞ்சியத்தின் கதவைச் சாத்துகின்றது. உழைப்புக்கு ஒரு மணி நேரம் முன்னர் உட்கொண்ட சீனி கொழுப்பின் எரிவைக் குறைப்பதையும், பழச்சீனியும் அவ்வாறே செய்வதையும், 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்காட்டினர். ஆகவே நமது முதல் மாணவர் கொழுப்பை எரிப்பதாக எண்ணி, அதனைக் காத்தே வந்தார்!

பிளாக்கரன்ட் என்னும் கரிய சிறுபழத்தின் சாரம் கொழுப்பின் எரிவைக் கூட்டியதாக 2015இல் இங்கிலாந்து ஆய்வாளர் அறிவித்தது உண்மையே. ஆனால் அவர்கள் கொடுத்தது குளிகையில் அடைத்த சாரம், இனிப்பான பானமன்று.

அவ்வாறாயின் பட்டினி கிடந்தவர் செய்தது சரியோ? அதுவுமன்று. 1924ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தின் முடிவில், சோர்ந்து வெளிறிய வீரர் சிலரின் குருதியில் சீனி மிகக் குறைந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். மறு ஆண்டு ஓட்டத்தினிடையே இனிப்புக் கொடுத்தபோது அத்தளர்ச்சி பெரிதும் நீங்கியது. வெறும் வயிற்றில் உழைத்தால் அந்நேரத்தில் கொழுப்புச் சற்றுக் கூடுதலாக எரியலாம். ஆனால் உடல் மெலிவதோ பருப்பதோ ஒரு மணி நேர எரிவினால் அன்று. நாட்கணக்கில் உண்டதற்கும் உழைத்ததற்கும் உள்ள வரவுசெலவினாலேயே.

எனவே, ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் நீளும் கடும் உழைப்புக்குச் சில மிடறு பழரசம் துணைபுரியும். அது கொழுப்பை எரிப்பதற்கன்று, தளராதிருப்பதற்கு. மற்ற வேளைகளில் பழத்தைப் பழமாகவே உண்பது நலம். நார்ச்சத்தும் கிடைக்கும், வயிறும் நிறையும். பழரசத்தின் சீனியையும் மட்டுப்படுத்த வேண்டிய சீனியாகவே உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்தது. நீரிழிவு உள்ளோர் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும்.

அன்று மாலை இரத்தோட்டைக்கு இறங்கியதும், மாணவர் இருவரும் கடைவீதியில் ஆளுக்கொரு தோடம்பழம் வாங்கினர். இம்முறை பிழியவில்லை, உரித்தே உண்டனர்.