சிட்டுக்குருவியின் வீட்டைக் கட்டியது யார், தெரியுமா?

மும்பையின் பழைய கட்டட வளைவுகளிலும் போர்ட்டிகோ கூரைகளிலும் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? இறகும் வைக்கோலுமாக, எச்சிலால் ஒட்டிய உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நாட்டு உழவாரன்களின் கூடுகள் அவை! இந்தப் பறவைக்கு மற்றவை போலக் கிளையில் உட்காரக் கால் வராது. காற்றில் மிதக்கும் இறகையும் பஞ்சையும் பறந்தபடியே பிடித்து வந்து ஒட்டுகிறது. உருண்டைகளில் ஏதாவது ஒன்றின் வாயில் மட்டும் வைக்கோல் தாறுமாறாக நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே முட்டையிட்டிருப்பது பெரும்பாலும் சிட்டுக்குருவி! கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான். அடைக்கலத்துக்குப் பேர்போன நம் குருவி ஆக்கிரமிப்பிலும் லேசுப்பட்டதல்ல.

ஒரு பொந்துக்கு எவ்வளவு கிராக்கி தெரியுமா? பறவையியலாளர் சாலிம் அலி 1896-இல் மும்பையில் பிறந்தவர். சிறுவயதில் விடுமுறையைக் கழித்த செம்பூர், அன்று காடும் குன்றுமாகக் கிடந்த ஊர். பத்து வயது வாக்கில், குதிரை லாயத்துச் சுவர்ப் பொந்தில் பெண் குருவி அடைகாக்க, வெளியே ஆணியில் காவலிருந்த ஆணைச் சுட்டார். உடனே இன்னொரு ஆண் வந்து உட்கார்ந்தது. ஏழு நாளில் எட்டு ஆண்களைச் சுட்டதாக அன்றே குறித்துவைத்தார்! காவலிடம் காலியானதும் வரிசையில் அடுத்த ஆள் நின்றது.

புறாவுக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. ஜன்னல் விளிம்பு, ஏசி பெட்டியின் பின்புறம், எதுவும் போதும். நான்கு சுள்ளி, இரண்டு முட்டை. வியப்பு அதற்குப் பிறகுதான்: தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் 'பால்' ஊட்டிக் குஞ்சை வளர்க்கின்றன! அதனால் தானியம் மட்டும் கிடைத்தாலே ஆண்டு முழுக்க இனப்பெருக்கம். சிட்டுக்குருவிக் குஞ்சுக்கோ புழுவும் பூச்சியும் வேண்டும். மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷனான தாதரில், புறாக்களுக்கு இரை போடும் இடமாக இருந்த கபூதர்கானாவில் காலங்காலமாக மூட்டை மூட்டையாகக் கொட்டிய தானியம் யாருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா? 2025 ஆகஸ்டில் மாநகராட்சி அதைத் தார்ப்பாய் போட்டு மூடியது; காரணம் புறா எச்சத்தால் கெடும் மனிதர்களின் நுரையீரல்!

தாராவியை ஒட்டி, குப்பை மேடாக இருந்த இடத்தில் எழுந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா போன்ற மரக்கூட்டங்களில் கதை வேறு. செம்மார்புக் குக்குறுவான் பட்ட கிளையைக் கொத்திப் பொந்து குடைகிறது. அது காலி செய்ததும் மற்றப் பறவைகள் குடியேறும். பட்ட கிளை என்று வெட்டினால் இரண்டு மூன்று குடும்பங்களின் வீடு போச்சு!

பால்கனியில் குருவிப்பெட்டி வைக்கிறீர்களா? துளை 32 மில்லிமீட்டர் போதும். அதில் புறாவும் மைனாவும் நுழைய முடியாது. புறா வலை அடிக்க ஆள் வரும் முன் ஏசி பெட்டியின் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். குருவி முட்டையிட்டிருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும்.