மாட்டுக்குப் போட்ட ஊசியும் பாறு கழுகின் சிறுநீரகமும்

காய்ச்சலில் சுருண்டு படுத்த மாடு, ஒரே ஊசியில் எழுந்து நின்று தீனி எடுக்கும். அதனாலேயே டைக்குளோபினாக் என்னும் வலி நீக்கி மருந்து 1990-களில் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்டது. விலையும் மலிவு. கெடுதல் நடந்தது வேறிடத்தில்.

பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகள் அதே காலத்தில் மடிந்து விழுந்தன. 1992-இல் இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஏறத்தாழ ஒன்றே மிஞ்சியது எனலாம். ஏதோ தொற்று நோய் என்றே முதலில் பலரும் எண்ணினர்.

பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை ஆய்வாளரின் குழு அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்படிவம் இருந்தது. பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை. சிறுநீரகம் பழுதானால் அது இரத்தத்தில் தேங்கி உறுப்புகளின் மேல் படிந்துவிடும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? கிருமியோ பூச்சிக்கொல்லியோ காரணமாகத் தெரியவில்லை. பாறுகளின் உணவு பெரும்பாலும் செத்த கால்நடைகளே. ஆகவே மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தனர். எளிய கேள்விதான், விடை அதில்தான் கிடைத்தது. சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பாறுகளிலும் டைக்குளோபினாக் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியை ஊட்டியபோதும் பாறுகள் அவ்வாறே இறந்தன. இம்முடிவு 2004-இல் வெளியாயிற்று.

இந்திய அரசு 2006-இல் கால்நடைக்கான டைக்குளோபினாக்கைத் தடை செய்தது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தன. எனவே 2015-இல் ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. மாட்டின் உடலில் டைக்குளோபினாக்காகவே மாறும் அசிகுளோபினாக்கும், கீட்டோபுரோபனும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. முதுமலை, சத்தியமங்கலம் காட்டோரக் கிராமத்தார் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பாறு இல்லாத ஊரில் செத்த மாடு தெருநாய்க்குத் தீனியாகும். நாய் பெருகினால் வெறிநாய்க்கடி அச்சமும் பெருகும்.

மாட்டுக்கு வலியோ காய்ச்சலோ கண்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுதல் கூடாது. கால்நடை மருத்துவரை அழைத்து, பாறுகளுக்குத் தீங்கில்லை எனச் சோதனையில் தெரிந்த மெலாக்சிகாம் போடலாமா எனக் கேட்க வேண்டும். வேறு வலி மருந்து போட்ட சில நாளில் மாடு இறந்துவிட்டால், வெளியில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.