சில்லறைப் பஞ்சமும் வெள்ளி வில்லைகளும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. இவ்விரண்டும் பிரிந்தால் உழைப்பாளியின் கதி யாதாகும் என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரம் சான்று பகர்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் நூற்பாலைகள் பெருகின. வாரந்தோறும் கூலி கொடுக்கச் சில்லறை வேண்டியிருந்தது. அரசாங்க அக்கசாலையோ வெள்ளிக் காசு அடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. ஒரு டிராய் பவுண்டு நாணய வெள்ளியில் 62 ஷில்லிங் அடிக்கவேண்டும் என்பது பழைய விதி. சந்தையில் வெள்ளியின் விலை அதற்கு மேல் ஏறியபோது, காசைச் செலவிடுவதினும் உருக்கி விற்பதே இலாபமாயிற்று. நல்ல காசுகள் மறைந்தன, தேய்ந்தவையே எஞ்சின.

ஆலை முதலாளிகள் சிலர் ஸ்பெயின் தேசத்து வெள்ளி டாலர்களைப் பெற்று, அவற்றின் மீது தம் முத்திரையைக் குத்தி வழங்கினர். கிராம்ஃபோர்டு நூற்பாலையின் முத்திரை 4 ஷில்லிங் 9 பென்ஸ் என மதிப்பிட்டது. லனார்க் ஆலையின் முத்திரை 5 ஷில்லிங் என்றது. கூட்டுறவுக் கருத்தின் முன்னோடியாகிய ராபர்ட் ஓவன் 1800 முதல் நிர்வகித்த ஆலை இதுவேயாம்.

1811, 1812ஆம் ஆண்டுகளில் பல நகரங்களின் வணிகர்கள் ஷில்லிங், ஆறு பென்ஸ் மதிப்புள்ள வெள்ளி வில்லைகளைத் தாமே அடித்து வெளியிட்டனர். இவற்றால் வாணிபம் முடங்காது நடந்தது உண்மையே. ஆனால் வில்லையிலிருந்த வெள்ளி, பொறித்த மதிப்பைவிடக் குறைவு. அவ்வித்தியாசம் வெளியிட்டவருக்கு ஆதாயம். அவர் திருப்பி வாங்க மறுத்தாலோ, நொடித்தாலோ, நஷ்டம் கையில் வைத்திருந்த ஏழைக்கே.

பாராளுமன்றம் 1812இல் இவற்றைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. எனினும் மாற்றுக் காசு இல்லாமையால் தடை உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1816ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பவுண்டு வெள்ளியில் 66 ஷில்லிங் அடிக்க வகைசெய்தது. காசின் எடை குறைந்தமையால் அதை உருக்குவதில் இலாபமில்லாது போயிற்று. 1817 பிப்ரவரியில் புதிய காசுகள் புழக்கத்திற்கு வந்தன.

பின்னாளில் ஆங்கிலக் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் உலோக வில்லைகள் வழங்கின. அவை அங்கத்தினர் வாங்கிய சரக்கின் தொகைக்குச் சான்றாகி, ஆதாயப் பங்கைப் பெற்றுத் தந்தன. வணிகரின் கணக்கைக் கேட்கக் கூலியாளுக்கு உரிமையில்லை. சங்கத்தின் கணக்கைக் கேட்க அங்கத்தினருக்கு உரிமையுண்டு. வேற்றுமை இதுவே.

ஆதலின் அங்கத்தினர்களே, ரசீதையும் பாஸ் புத்தகத்தையும் பெட்டியில் பூட்டி வைப்பதோடு அமையாதீர்கள். பொதுக்குழுவிற்கு வந்து, அவற்றைச் சங்கப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பொழுதுதான் நாணயத்தின் இரு பொருளும் ஒன்றாகும்.