திருச்சி இரவும் திராட்சைப் புளிப்பும்

ஸ்ரீரங்கத்தின் ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம்; நடுவே வண்டல் மண்ணும் வாய்க்கால் பாசனமும். இத்தனை இருந்தும் இங்கே வாழைதான் நிற்கிறது, ஒயின் திராட்சையைக் காணோம். ஊர்ப்பழக்கத்தையோ மதுக் கொள்கையையோ மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. பகல் வெயிலையும் தாங்கிவிடும் கொடிக்குத் திருச்சியின் இரவுதான் ஒத்துவராது. திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், மாலிக் அமிலம் இறங்கும். அந்த அமிலத்தைப் பழம் தன் சுவாசத்தில் எரித்துத் தீர்க்கிறது; சூடு கூடக் கூட எரிப்பும் வேகமெடுக்கும். குளிர்ந்த இரவு கிடைத்தால் கொஞ்சம் மிஞ்சும். திருச்சியின் கோடை இரவோ 26 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இனிப்பு வரும், புளிப்பு நிற்காது, தோலில் கருஞ்சிவப்பும் சரியாக ஏறாது. புளிப்பற்ற சாறு சப்பென்றிருப்பதோடு, நொதிக்கையில் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இடம் கொடுக்கும்.

ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றங்கரையும் வெயில் நாடுதானே என்று கேட்கலாம். 1887இல் சாஃபி சகோதரர்கள் ரென்மார்க்கில் பாசனம் தொடங்கினார்கள். 40 டிகிரி தொடும் அந்த வட்டாரத்தில்தான் இன்று அந்நாட்டின் ஒயின் திராட்சை மிக அதிகமாக விளைகிறது. ஆனால் அது வறண்ட காற்று. பொழுது சாய்ந்ததும் சூடு மளமளவென்று இறங்கிவிடும், பூஞ்சை நோயும் குறைவு. அங்கே தண்ணீரை வேண்டுமென்றே குறைத்தும் கொடுக்கிறார்கள். வேரின் ஒரு பக்கத்தை நனைத்து மறுபக்கத்தைக் காயவிட்டால், காய்ந்த வேர் அனுப்பும் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை ஓரளவு மூடவைத்துக் கொடியின் வீண் வளர்ச்சியை அடக்குகிறது. நிலத்தடி ஈரம் மேலேயே நிற்கும் ஸ்ரீரங்கத்து ஆற்றோர வண்டலில் வேரை எப்படிக் காயப்போடுவது? இத்தனைக்குப் பிறகும் குறையும் புளிப்புக்கு மரே கரையில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பதுண்டு.

நாசிக்கைக் காட்டுவோரின் வாதம் இன்னும் வலுவானது. மழை ஓய்ந்து, செப்டம்பர் அக்டோபரில் கவாத்து செய்து, பனிக்கால இரவுகளில் பழுக்கவைக்கிறார்கள். அதையே இங்கே செய்தால் பூக்கும் பருவம் நேராக வடகிழக்குப் பருவமழையில் போய் விழும். சனவரி இரவும் ஏறத்தாழ 20 டிகிரி. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீரில் பன்னீர் திராட்சை செழிக்கிறதே என்றால், உண்மைதான். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. குளிருறக்கம் இல்லாததால் கவாத்தை மாற்றி மாற்றி ஆண்டு முழுக்க அறுக்கிறார்கள். அது தின்னும் பழம். புளிப்புக் குறைந்தால் வாங்குவோர் சந்தோஷப்படுவார்கள்.

திருச்சியில் எதையாவது நொதிக்கவைத்தே தீரவேண்டும் என்றால் வாழை பக்கத்திலேயே இருக்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் 1993 முதல் இங்குதான். ருவாண்டாவில் வாழைச்சாற்று மது பழைய வழக்கம். என்ன, பெக்டின் மிகுந்த கூழிலிருந்து தெளிந்த சாறு எளிதில் பிரியாது. நொதி சேர்த்து அந்தப் பெக்டினை முதலில் உடைத்தாக வேண்டும்.