தடையற்ற தொடக்கப்பள்ளிக் கட்டிடம்

தடையற்ற தொடக்கப்பள்ளிக் கட்டிடம் என்பது மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் ஏனைய குழந்தைகளும் ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே வகுப்பறையில் அமர்ந்து கற்கும் வகையில் வடிவமைக்கப்படும் பள்ளிக் கட்டிடம் ஆகும். உயரமான படி, குறுகலான கதவு, எட்டாத குழாய் ஆகியனவும் ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. இக்கட்டுரை இந்தியப் பள்ளிகளை முதன்மையாகக் கொண்டது.

சட்டப் பின்னணி

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணை, எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற கட்டிடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, தடையற்ற அணுகல், ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம் முதலியவற்றைக் கட்டாயமாக்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), அரசு நிதி அல்லது ஏற்பு பெற்ற பள்ளிகளின் கட்டிடங்களும் வளாகங்களும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது.

சாய்தளம்

சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மிகாதிருத்தல் பொது விதி. எடுத்துக்காட்டாக, வகுப்பறைத் தரை முற்றத்தை விட 45 செ.மீ. உயர்ந்திருந்தால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இடமின்மையால் இதைப் பாதியாகக் குறைத்தால் சரிவு 1:6 ஆகிவிடும். அதில் குழந்தை பிறர் உதவியின்றி ஏற இயலாது, சக்கர நாற்காலி பின்புறம் கவிழவும் கூடும். தரை உயரத்தை 30 செ.மீ. ஆக அமைத்தால் 3.6 மீட்டர் போதும். ஆகவே வெள்ளம் தேங்காத இடங்களில் தரை உயரத்தைத் தாழ்வாக முடிவு செய்வது, வரைபட நிலையிலேயே செய்ய வேண்டிய பணியாகும்.

கழிப்பறை

சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடமும், 90 செ.மீ. அகலக் கதவும் தேவை. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்த குழந்தை கதவை அடைத்துக் கிடந்தாலும் அப்போது மீட்க முடியும். கைப்பிடிகளும் குழாய்களும் குழந்தையின் உயரத்துக்கு ஏற்ப அமைதல் வேண்டும்.

ஒளியும் ஒலியும்

கேட்கும் திறன் குறைந்த குழந்தை ஆசிரியரின் உதட்டசைவைக் கவனிக்கிறது. ஆசிரியருக்குப் பின்னால் சன்னல் இருந்தால் அவரது முகம் நிழலாகிவிடும். வெற்றுச் சுவர்களின் எதிரொலியும், தகரக் கூரையில் விழும் மழையின் ஓசையும் பேச்சை மறைக்கின்றன. பார்வை குறைந்தோருக்குப் படி விளிம்புகளிலும் கதவுச் சட்டங்களிலும் மாறுபட்ட நிறம் பூசப்படுகிறது.

தீப் பாதுகாப்பு

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இதையொட்டிய பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என 2009 ஏப்ரல் 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது. நடக்க இயலாத குழந்தை படியிறங்கவும் முடியாது. எனவே தொடக்க வகுப்புகளைத் தரைத்தளத்தில், இரு வெளிவாயில்களுடன் அமைப்பதே எளிய தீர்வாகும். இவ்வமைப்பு பள்ளியில் உள்ள அனைவரும் விரைந்து வெளியேறவும் உதவுகிறது.